ஜனாதிபதிக்கு அடமானம்

"உன் ஆத்துக்காரரை ஒரே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துண்டு வரச் சொல்லுடி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் அபிதகுஜாம்பாள் மாமி.

ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த தபீதாளின் ஊசி அப்படியே நின்றது.

"எக்ஸ்ரேயா மாமி?"

"பின்னே? கடனைச் சும்மா தூக்கிக் குடுப்பானா? பாலிசி எடுக்கணும். பாலிசின்னா டாக்டர் பார்ப்பார். ரத்தம், நெஞ்சு, எல்லாம் பார்ப்பார். நாப்பது வயசுகூட ஆகாத மனுஷன். என்ன வந்துடப் போறது?"

குரோம்பேட்டையில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனம். முன் போர்ஷனில் மாமி. கடைசிப் போர்ஷனில் தபீதாள், அவள் கணவன் தனசிங், மகள் எஸ்தர். மாமி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கணவர் போன பிறகு பிடித்த தொழில். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் அவள் ஏறாத படி கிடையாது. "அடுத்தவா சாவைப் பத்திப் பேசியே சாதம் சாப்பிடறவடி நான்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

1988-ஆம் வருஷம். தபீதாளின் வளையல்களை விற்றுப் பொழிச்சலூரில் அரை கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். தலைக்கு மேல் விமானம் இறங்கும் இடம் என்பதால் விலை கொஞ்சம் மலிவு. இனி வீடு கட்ட வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். சர்க்கார் சம்பந்தப்பட்ட கடன்தான் என்பதில் தனசிங் உறுதியாக இருந்தான். எந்தச் சர்க்கார் கடன் என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி.

தனசிங்குக்கு மீனம்பாக்கத்தில் ஒரு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உடன் வேலை பார்க்கும் கோபு வந்துவிடுவான். காபியோடு கடன் கச்சேரி ஆரம்பமாகும்.

"வீட்டு வசதி வாரிய வீடு வேணாம்ணே. குலுக்கல்ல உங்க சீட்டு வர்றதுக்குள்ள எஸ்தருக்குக் கல்யாணமே ஆயிடும்."

"அதான் மனை இருக்கே கோபு. வாரியம் எதுக்கு? கூட்டுறவு சங்கம் எப்படி?"

"பணம் சீக்கிரம் வரும். வட்டியும் சீக்கிரம் வரும். எங்க மச்சான் வாங்கியிருக்கான். ஒரு மாசம் தவறினா அபராத வட்டி. ஒண்ணாம் தேதி பொறந்தா அவனுக்குக் காய்ச்சல் அடிக்குது."

"அப்ப நம்ம ஆபீஸ் கடன்தான்."

"அடிச்சுச் சொல்றேன், அதுதான். வட்டி பாதி. அதுவும் முதல்ல அசலைப் பிடிச்சு முடிச்சிட்டுத்தான் வட்டிக்கே வருவான். சம்பளத்துலயே கழிச்சுக்குவான், நாம போய் க்யூவுல நிக்க வேணாம். பத்திரத்தை மட்டும் ஜனாதிபதி பேர்ல அடமானம் எழுதித் தரணும்."

"ஜனாதிபதி பேர்லயா?" என்றாள் அடுப்படியிலிருந்து தபீதாள்.

"ஆமா அண்ணி! இந்தியாவோட ஜனாதிபதி. அவர் என்ன பொழிச்சலூர் வந்து தவணை எங்கேன்னு கதவைத் தட்டப் போறாரா?"

தனசிங் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்தால் இறுதியில் ஒரு சின்ன இருமலில் முடியும். அதை அவன் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வான்.

தபீதாளும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். மாமி சொல்லும் இன்சூரன்ஸ் கடனுக்கு வட்டி கூடுதல். அதற்கு மேல் பாலிசிக்கு வேறு பிரீமியம். மாதாமாதம் பார்த்தால் ஆபீஸ் கடன்தான் லாபம். ஆனால் அவளுக்குள் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதை எப்படிக் கேட்பது? கட்டிய புருஷனைப் பார்த்து, அதுவும் புது வீட்டுப் பேச்சின் நடுவில்?

கோபு போன பிறகு கேட்டே விட்டாள்.

"ஆபீஸ் கடன்ல... நடுவுல ஏதாவது ஒண்ணுன்னா?"

"என்ன ஒண்ணு?"

"மாமி கடன்ல அப்படி ஆச்சுன்னா பாலிசியே கடனை அடைச்சிடுமாம். வீடு நமக்கே நின்னுடுமாம்."

"அடிப்பாவி! இன்னும் அஸ்திவாரமே தோண்டலை, அதுக்குள்ள எனக்குக் குழி தோண்டிட்டியா?"

சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. தபீதாளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

தனசிங் ஏன் மாமியின் கடனைத் தொட மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே. அவனுடைய நெஞ்சுக்குள் ஆறிப்போன தழும்பு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரம் சானடோரியத்தில் அவன் காசநோயாளியாகப் படுத்துக் கிடந்தவன்.

இதை அவன் அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

தபீதாளுக்கு அப்போது பதினான்கு வயது. தாம்பரம் சபையின் பாடகர் குழு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சானடோரியத்துக்குப் போய் வார்டு வார்டாகப் பாடும். நீள நீள வார்டுகள். இரண்டு பக்கமும் சுவரை விட ஜன்னல்தான் அதிகம். ஒவ்வொரு கட்டிலிலும் கழுத்து வரை கம்பளி போர்த்திய ஒரு முகம். பாடி முடித்துக் கிளம்பும்போது ஒரு ஜன்னலோரத்திலிருந்து, "இன்னும் ஒண்ணு பாடுங்களேன்" என்று ஒரு குரல். எலும்பும் காதுமாக ஒரு பையன். அவனுக்காக இன்னொன்று பாடினார்கள். அவன் கைதட்டப் பார்த்தான், இருமல் விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருப்பானா என்று தபீதாள் நினைத்துக்கொண்டே போனாள். அடுத்த வருஷம் அந்தக் கட்டிலில் வேறு யாரோ. கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

எட்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு அதே காது. அதே குரல். உடம்பு தேறி, மீசை வைத்து, சர்க்கார் வேலையோடு வந்திருந்தான். "பிடிச்சிருக்காம்மா?" என்று அப்பா கேட்டபோது, செத்துவிட்டான் என்று நினைத்த ஒருவன் எதிரே உட்கார்ந்து மிக்சர் சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அக்கா உட்பட அந்த வீட்டில் யாரும் சானடோரியத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை. அவரே ஒருநாள் சொல்லட்டும், அப்போது "எனக்குத் தெரியுமே" என்று சிரிக்கலாம் என்று இருந்தாள். அவன் சொல்லவேயில்லை. டாக்டர்கள் குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய பிறகும் பயம் மட்டும் அவனை விட்டு இறங்கவில்லை. தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் மட்டுமே குடிப்பான். அதைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்ப்பான். எஸ்தரை உச்சந்தலையில் முத்தமிடுவானே தவிர, முகத்தருகே முகம் கொண்டுபோக மாட்டான். மார்கழிக் குளிரிலும் ஜன்னலைச் சாத்த விட மாட்டான். "எனக்குக் காத்து வேணும் தபீ" என்பான். கேரல் பாட சபை சானடோரியத்துக்குக் கிளம்பும் வாரத்தில் மட்டும் அவனுக்கு ஆபீஸில் அவசர வேலை வந்துவிடும்.

இத்தனையும் பார்த்தவளிடம் இப்போது மாமி எக்ஸ்ரே கேட்கிறாள்.

"மாமி, ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு எப்பவோ டி.பி. வந்து முழுசா குணமாயிடுச்சுன்னு வைங்க. அவருக்குப் பாலிசி தர மாட்டாங்களா?"

மாமி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். தொழில் கற்றுக் கொடுத்த பார்வை. ஆனால் யார் என்று கேட்கவில்லை.

"ஏன் தர மாட்டா? குணமாகி இத்தனை வருஷம் ஆச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, பிரீமியம் கொஞ்சம் தூக்கிப் போடுவா. அவ்வளவுதான். மறைச்சாத்தான் வம்பு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தபீதாள் மெல்ல ஆரம்பித்தாள். "மாமிக்கு ஒரு கிளையண்ட் இருக்காராம். சின்ன வயசுல நெஞ்சு வியாதி வந்து குணமானவராம். அவருக்கே பாலிசி குடுத்துட்டாங்களாம்."

தனசிங்கின் கை சோற்றிலேயே நின்றது.

"அந்தக் கதையை எதுக்கு என்கிட்ட சொல்றே?"

அவன் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட பையனின் முகம். 'எனக்குத் தெரியும்' என்ற இரண்டு வார்த்தைதான். சொன்னால் இத்தனை வருஷமாக அவன் தனியாகக் கழுவிக் கவிழ்த்த டம்ளருக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஒவ்வொரு நாளும் தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று கூசிப்போக மாட்டானா?

"சும்மா... பேச்சுக்குச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?"

ஜனாதிபதிக்கே அடமானம் என்று முடிவாயிற்று.

வீடு எழும்பியது. கடன் தவணை தவணையாக வந்தது. மேஸ்திரி குப்பன் நல்ல வேலைக்காரன். ஆனால் வீட்டு வரைபடத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சார் இது? ரெண்டு ரூமு, ஒரு ஹால். அதுக்கு எட்டு ஜன்னலு வரைஞ்சு வச்சிகினு கீறீங்க. செவுரு எங்க சார் கீது?"

"எனக்குக் காத்து வேணும் குப்பா."

"காத்து வேணும்னா பீச்சாண்ட குந்துங்க சார். ஒரு ஜன்னலுக்கு மரம், கம்பி, கூலி, இன்னா ஆவும் தெரியுமா? திருட்டுப்பய வந்தான்னா எந்த வழியா பூர்றதுன்னு அவனே பேஜாராயிடுவான்."

தனசிங் சிரித்தான். ஆனால் ஒரு ஜன்னலைக்கூடக் குறைக்க விடவில்லை. சிமெண்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சமையல் மேடையைத்தான் தள்ளிப் போட்டார்கள். படுக்கையறையில் கிழக்கே இரண்டு, தெற்கே இரண்டு ஜன்னல். நடுவில் நின்று பார்த்தபோது தபீதாளுக்குப் புரிந்தது. அவள் பாடப் போன வார்டைத்தான் அவன் கட்டியிருந்தான். நோயாகப் படுத்து உயிரோடு எழுந்த இடம். அதை விட நம்பகமான இடம் அவனுக்கு உலகத்தில் வேறு எது?

சபை அய்யர் வந்து ஜெபித்து வீட்டைப் பிரதிஷ்டை செய்தார். அரிசிப் பாயசத்தோடு விருந்து. மாமி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி வீடுடி. கண்ணாலே பார்த்தா போறும்" என்று திருஷ்டி கழித்தாள். இன்சூரன்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தார்கள். விமானம் இறங்கும்போது எட்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் அதிரும். எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு கூச்சல் போடுவாள். தனசிங் ஈஸி சேரில் சாய்ந்து, "ஜனாதிபதி போறார் பாரு, தவணை கேட்க இறங்குறார்" என்பான். எஸ்தர் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடிப் பார்ப்பாள்.

1991 மழைக்காலம் முடிந்து பம்மல், பொழிச்சலூர் பக்கமெல்லாம் மஞ்சள் காமாலை பரவியது. தனசிங்குக்கும் வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பத்தியம் இருந்தான். கண் மஞ்சள் இறங்கவில்லை. வயிறு வீங்கியதும் கோபு ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

டியூட்டி டாக்டர் இளைஞர். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார்.

"முன்னாடி பெரிய வியாதி ஏதாவது வந்திருக்கா? ரொம்ப நாள் மாத்திரை, ஊசி எடுத்தது உண்டா?"

தனசிங் உதட்டை நனைத்துக்கொண்டான். "இல்லை டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லிவர் கெட்டுப் போயிருக்கு. எதையாவது மறைச்சா நான் குடுக்கிற மருந்தே உங்களுக்கு வினையாயிடும்."

"ஒண்ணுமில்லை டாக்டர்."

தபீதாள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டி.பி. இருந்திச்சு டாக்டர். பதினெட்டு, பத்தொன்பது வயசுல. தாம்பரம் சானடோரியத்துல வச்சிருந்தாங்க. குணமாயிடுச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தனசிங் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திரும்பாமலே கேட்டான்.

"யார் சொன்னா? அக்காவா?"

"யாரும் சொல்லலை. நானே பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குப் பாட வந்தோமே. 'இன்னும் ஒண்ணு பாடுங்களேன்'னு ஜன்னல்கிட்டேர்ந்து கேட்டீங்களே."

அவன் மெல்லத் திரும்பினான். மஞ்சள் பூத்த கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின.

"ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு... முன் வரிசையில..."

"அது ரெஜினா. நான் ரெண்டாவது வரிசை. குட்டை."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவன் உடம்பு குலுங்கியது. "தெரிஞ்சேவா என்னைக் கட்டிக்கிட்டே?"

"தெரிஞ்சதாலதான் கட்டிக்கிட்டேன்."

"அக்கா பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டா, தபீ. சொன்னா நீ ஓடிப்போயிடுவேன்னா. நானும் நாளைக்கு, நாளைக்குன்னு..." மூச்சு வாங்கியது. பிறகு, சந்தையில் ஏமாந்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.

"அப்ப மாமி கடனையே வாங்கியிருக்கலாமே."

முக்காலியின் மேல் அவனுடைய பெயர் வெட்டிய டம்ளர் இருந்தது. அவன் பாதி குடித்து வைத்த பார்லித் தண்ணீர் அதில் மிச்சம். அவள் அதை எடுத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உதட்டில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவன் கை பாதி எழுந்தது. பிறகு போர்வையின் மேலேயே விழுந்துவிட்டது.

அந்த வாரத்திலேயே அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கோபு அந்தப் பக்கம் வரவேயில்லை. வந்தபோது ஆபீஸ் கவரோடு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"பணிக்கொடை முழுக்கக் கடனுக்கே வரவு வச்சுட்டாங்க அண்ணி. அதுவும் பத்தலை. மிச்சத்தைக் கட்டணுமாம். கருணை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கோம், ஆனா வரிசை நீளம்." கவரை நீட்டினான். "ஜனாதிபதி வந்து கதவைத் தட்ட மாட்டார்னு சொன்னது நான்தானே."

தபீதாள் கவரை வாங்கிக்கொண்டாள். "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க. நல்ல கடனைத்தானே சொன்னீங்க. வட்டி கம்மிதான்."

ரவிக்கை தைத்து ஒரு வருஷம் இழுத்துப் பார்த்தாள். குடும்பப் பென்ஷன் சாப்பாட்டுக்கும் எஸ்தரின் பள்ளிக்கூடத்துக்கும் சரியாக இருந்தது. மாமி தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். ஒருநாள் மட்டும், குரோம்பேட்டையில் தன் போர்ஷனில் தபீதாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ கேட்டப்பவே யாருக்குன்னு நேக்குப் புரிஞ்சுதுடி. நான் போய் அவர்கிட்டே நேரா பேசியிருக்கலாம். உன் குடும்ப விஷயம்னு வாயை மூடிண்டு இருந்துட்டேன்" என்று அழுதாள். தபீதாள்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

வீட்டை விற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

வாங்கியவர் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர். ஆபீஸுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, ஜனாதிபதியிடமிருந்து பத்திரத்தை மீட்டு, மீதியைத் தபீதாளின் கையில் கொடுத்தார். வளையல் விற்றுப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை.

சாவி கொடுக்கும் நாளில் அவருடைய மனைவி அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் சரி. இத்தனை ஜன்னல் எதுக்குங்க? கொசு, புழுதி, பிளேன் சத்தம். நாலை அடைச்சுட்டு அலமாரி வைக்கலாம்னு இருக்கோம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"உங்க இஷ்டம்ங்க."

"மழை வர மாதிரி இருக்கு. இப்போதைக்குச் சாத்திட்டாவது போகலாம்."

கிழக்கு ஜன்னலின் கதவை அந்த அம்மாள் இழுத்தாள். அசையவில்லை. அடுத்ததை இழுத்தாள். அதுவும் அசையவில்லை. கீலெல்லாம் துருவேறி, பெயின்ட் காய்ந்து, திறந்த நிலையிலேயே கதவுகள் இறுகிப் போயிருந்தன.

"என்னங்க இது, ஒரு தடவைகூடச் சாத்தினதே இல்லையா?"

"இல்லைங்க" என்றாள் தபீதாள். "அவருக்குக் காத்து வேணும்."

அந்த அம்மாள் கணவரைக் கூப்பிட்டாள். அவர் எங்கிருந்தோ ஒரு சுத்தியலைத் தேடி எடுத்து வந்தார். தபீதாள் துணிப்பையில் அந்த டம்ளர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, எஸ்தரின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினாள். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. எஸ்தர் காதைப் பொத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள். அதன் இரைச்சல் ஓய்ந்த பிறகு, பின்னால் சுத்தியல் அடி விழும் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.